பாடுகிறவரே நடிக்கவும் செய்தால்: விழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருத் தமிழ் அமைப்புகளின் விழாக் குழுவினருக்கு,

வணக்கம். பொங்கல் விழாவிலும் ஆண்டு விழாவிலும் ராக் பாட்டும் நாடகமும் கலந்த நிகழ்ச்சிக்கு நீங்கள் மேடை தருவது, மேடை ஒலியமைப்பும் குரல் பயிற்சியும் செய்யும் எங்களுக்கு மெய்யான மகிழ்ச்சி. அரண்மனை மைதானத்தில் 2007இல் அயர்ன் மெய்டனும் 2011இல் மெட்டாலிக்காவும் என்று பெரிய ராக் குழுக்கள் வாசித்துவிட்டுப் போன ஊர் இது. கருவிக்கும் குறைவில்லை, கருவி தெரிந்த ஆளுக்கும் குறைவில்லை. குறை உங்கள் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கதாநாயகனாக நடிப்பவரும் எட்டுப் பாட்டு பாடுபவரும் ஒரே ஆள் என்பது அதில் எங்கும் தெரிவதில்லை.

ராக் பாட்டின் உச்சத்தில் ஓர் ஆண் குரல் 440 ஹெர்ட்ஸைத் தொட்டால், அந்த நேரத்தில் குரல் நாண்கள் நொடிக்கு 440 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. பயிற்சி உள்ளவருக்கு இது பெரிய விஷயமல்ல. மூச்சும் வாயின் வடிவமும் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் பாட்டு முடிந்த கையோடு மேடையின் மறுகோடிக்கு ஓடி, மூச்சிரைக்க நின்று, அப்பாவிடம் சண்டை போடும் வசனத்தைக் கத்த வேண்டும் என்றால், அங்கேதான் நாண் வீங்குகிறது. எங்களைக் கேட்டால் பாட்டைவிட வசனம்தான் ஆபத்து. பாட்டுக்குச் சுருதி உண்டு, கத்தலுக்குக் கிடையாது.

அமெரிக்க ராக் பாடகர் மீட் லோஃபின் வாழ்க்கையை விழாக் குழுவில் ஒருவராவது படித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறோம். 1947இல் டல்லஸில் பிறந்தவர். மேடை இசை நாடகங்களில் நடித்துப் பெயர் வாங்கிய பிறகுதான் ராக் பாடகராக உலகத்துக்குத் தெரியவந்தார். 1977இல் வந்த 'பேட் அவுட் ஆஃப் ஹெல்' ஆல்பத்தின் பாட்டு ஒவ்வொன்றையும் ஒரு நாடகக் காட்சியைப் போலவே நடித்துப் பாடினார். அந்த ஆல்பத்துக்கான இசைப்பயணம் முடிந்தபோது குரல் போயிருந்தது. அடுத்த ஆல்பத்துக்குப் பாட்டுகள் தயாராக இருந்தன, பாடத்தான் அவரால் முடியவில்லை. எழுதிய ஜிம் ஸ்டைன்மன் காத்திருந்து பார்த்துவிட்டு, 1981இல் அவற்றைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். மீட் லோஃப் பிறகு மீண்டார், 1994இல் கிராமி விருது வாங்கினார், 1999இல் 'ஃபைட் கிளப்' படத்தில் மறக்க முடியாத வேடம் செய்தார், 2022இல் காலமானார். ஆனால் புகழின் உச்சியில் இருந்தபோது பறிபோன அந்த ஆண்டுகள் திரும்பி வரவில்லை.

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி வேறு வழியில் போனார். லிண்ட்ஸே கெம்ப்பிடம் மைம், அதாவது பேசாமல் உடலசைவால் நடிக்கும் கலை, கற்றவர் அவர். 1980இல் 'தி எலிஃபண்ட் மேன்' நாடகத்தில், உருவம் சிதைந்த மனிதனாக, ஒப்பனைத் துணை எதுவும் இல்லாமல் உடம்பையும் குரலையும் மட்டும் வைத்து நடித்தார். டென்வர், சிகாகோ, பிறகு பிராட்வே என்று மாதக்கணக்கில் நாடகம் நடந்தது. 1978இல் முடிந்த இசைப்பயணத்துக்குப் பிறகு அடுத்த பயணம் 1983இல்தான். நாடகம் நடந்த மாதங்களில் கச்சேரிப் பயணம் கிடையாது.

சினிமாவில் இந்தச் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடும். நம் பெங்களூரு வசுந்தரா தாஸ் பாடகியாகவும் நடிகையாகவும் பெயர் வாங்கியவர். ஆனால் பாட்டுப் பதிவு ஒரு நாள், படப்பிடிப்பு இன்னொரு நாள், டப்பிங் வேறொரு நாள். மேடையில் மூன்றும் ஒரே மாலையில் நடக்கின்றன. "கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே விடிய விடியப் பாடி நடிக்கவில்லையா?" என்று குழுக் கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நடித்தார்கள், அந்தச் சாரீரத்தை நாங்களும் வணங்குகிறோம். ஆனால் அவர்களுக்குப் பின்னால் இருந்தது ஹார்மோனியமும் மிருதங்கமும். நானூறு பேர் உட்காரும் கூடத்தில் ஒரு ட்ரம்ஸ் செட் தனியாகவே நூறு டெசிபலைத் தாண்டிவிடும்.

அதனால்தான் முதல் வேலை ட்ரம்ஸை அடக்குவது. பக்கவாட்டில் அக்ரிலிக் தடுப்பு வையுங்கள், அல்லது வாசிப்பவரிடம் குச்சிக்குப் பதில் மெல்லிய மரச் சிம்புகளைக் கட்டாகக் கட்டிய ராட்ஸ் கொடுங்கள். சின்னக் கூடம் என்றால் எலெக்ட்ரானிக் ட்ரம்ஸே போதும். காரணம் எளிது: தன் குரல் தனக்குக் கேட்காவிட்டால் மனிதன் தன்னை அறியாமல் சத்தத்தைக் கூட்டுவான். பாடகருக்கு எதிரே, அவர் குரலை அவருக்கே கேட்கவைக்கும் ஸ்பீக்கரான ஒரு மானிட்டர் இல்லாமல் நடத்தும் நிகழ்ச்சியில், மூன்றாம் பாட்டுக்குள் அவர் தன் வரம்பைத் தாண்டியிருப்பார். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் வாங்கும் கார்டியாய்டு வகைக் கைமைக்குக்கு மானிட்டர் நேர் பின்னால் இருக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்பக்கத்திலும் கொஞ்சம் கேட்கும், ஆகவே நேர் பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் சற்றுத் தள்ளி வைக்க வேண்டும். வாடகைக்காரரிடம் மைக் மாடலைக் கேட்டுவிட்டு மானிட்டரின் இடத்தை முடிவு செய்யுங்கள்.

மைக் இரண்டு வேண்டும். வசனத்துக்கு ஹெட்செட், பாட்டுக்குக் கைமைக். ஒன்றே போதும் என்று செலவைக் குறைப்பதுதான் நாங்கள் அடிக்கடி காணும் தவறு. ஹெட்செட் மைக் பெரும்பாலும் எல்லாத் திசையிலும் கேட்கும் வகை. அதை வைத்தே ராக் பாடினால் ட்ரம்ஸும் கிடாரும் அதற்குள் புகுந்துவிடும். அதற்காக மிக்சரில் ஒலியளவைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினால் ஹவுலிங் என்னும் ஊளைச் சத்தம். இரண்டு மைக்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தாலும் தொல்லைதான். ஒரே குரல் இரண்டு தூரத்திலிருந்து வந்து ஒன்றை ஒன்று அரித்து, டப்பாவுக்குள் பேசுவதுபோல் கேட்கும். எனவே பாட்டு தொடங்கும் வசனத்தை மிக்சர்காரரின் பிரதியில் குறித்துக் கொடுங்கள். அந்த வரியில் ஹெட்செட் மூடும், கைமைக் திறக்கும். முழு ஒத்திகையில் அவர் உட்காராமல் இது நடக்காது. விழா நாள் காலையில் அவரை முதன்முதலாக அழைப்பதில் பயனில்லை.

ஹெட்செட்டின் முனை வாயோரத்திலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி, கன்னத்தில் இருக்கட்டும். வாய்க்கு நேரே வந்தால் 'ப', 'ஃப' எல்லாம் வெடிக்கும். ஒட்டு மீசை, ஒட்டுத் தாடி உள்ள வேடமா? முடி மைக்கில் உரசி, அரங்கம் முழுக்கச் சருகு மிதிப்பதுபோல் கேட்கும். ஒப்பனைக்காரர் மீசையை ஒட்டிய பிறகுதான் மைக்கைப் பொருத்த வேண்டும், முன்னால் அல்ல. கன்னத்தில் டேப் ஒட்டும் இடத்தில் பவுடர் இருந்தால் வேர்வையில் பத்து நிமிடத்தில் கழன்றுவிடும். இடுப்பில் மாட்டும் டிரான்ஸ்மிட்டருக்குப் புது பேட்டரி, இடைவேளையில் இன்னொரு ஜோடி.

சவுண்ட் செக்கில் பாடகரைக் கடைசியில் அழைப்பது வழக்கம். அது சரிதான், ஆனால் அவரை முதல் மணியிலேயே வரவழைத்து மூன்று மணி நேரம் நிற்க வைக்காதீர்கள். வந்ததும் ஒரு சரணத்தை முழுக்குரலில் பாடச் சொல்லுங்கள். மிக்சரில் கெய்ன், அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு வாங்குவது என்ற அளவு, அமைக்க அது அவசியம், அரைக்குரலில் அமைத்தால் நிகழ்ச்சியில் உடையும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அரைக்குரலில் ஓட்டலாம். ஒத்திகைக்கும் இதே விதிதான். கடைசி மூன்று நாளில் முழுக்குரல் ஓட்டம் ஒன்று போதும்.

சுருதியில் பிடிவாதம் வேண்டாம். மூலப் பாட்டின் கட்டையிலேயே பாட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரைக் கட்டை இறக்கினால் உச்ச ஸ்வரம் பாதுகாப்பான இடத்துக்கு வந்துவிடும். கிடார்க்காரர் ஆறு கம்பியையும் இறக்கினால் பேஸ்காரரும் இறக்க வேண்டும், கீபோர்டில் டிரான்ஸ்போஸ் மைனஸ் ஒன்று போட வேண்டும், பின்னணி டிராக் இருந்தால் அதே கட்டையில் புதிதாக எடுத்துத் தர வேண்டும். இதில் ஒருவர் மறந்தாலும் மேடையில் முதல் ஸ்வரக் கூட்டிலேயே அபஸ்வரம், அதைச் சமாளிக்கப் பாடகர் திணறுவார்.

இப்போது உங்கள் நேரப் பட்டியல். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, சிறப்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு என்று நகர்ந்து, ஏழுக்குக் குறித்த நாடகம் எட்டே முக்காலுக்குத் தொடங்குகிறது. ஆறரைக்கு உதட்டை அதிரவைத்தும், குழல் வழியே ஊதியும் இருபது நிமிடம் சூடாக்கிய குரல் அதற்குள் ஆறிப்போயிருக்கும். திறந்தவெளி என்றால் இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆகவே இடைவேளையை வெட்டுவீர்கள், பாட்டுகள் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் அவர் பாடுவார். ஜே.பி. நகர் ரங்க சங்கராவில் குறித்த நேரத்துக்குக் கதவை மூடிவிடுகிறார்கள், தாமதமாக வருபவருக்கு அனுமதி இல்லை. பார்வையாளர்கள் பழகிக்கொண்டார்கள். நம் மக்களும் பழகுவார்கள். உரைகளை நாடகத்துக்கு முன் அரை மணியோடு நிறுத்துங்கள், மீதியை இடைவேளையில் வையுங்கள், அந்த நேரத்தில் பாடகர் உள்ளே ஓய்வெடுக்கட்டும்.

புகை இயந்திரத்தைப் பாடகர் நிற்கும் பக்கத்தில் வைக்காதீர்கள், தொண்டை வறளும். தைமாதத்துப் பெங்களூருக் காற்றே வறண்டதுதான். வலிக்கிறது என்றால் யாரும் அன்பு மிகுந்து ஆஸ்பிரின் நீட்ட வேண்டாம், அது இரத்தக் கசிவைக் கூட்டும், நாணில் கசிந்தால் அன்றே குரல் போகலாம். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசச் சொல்வதும் ஓய்வல்ல, பேசாமல் இருப்பதே ஓய்வு. கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் நாணைக் கேமராவில் பார்த்தாக வேண்டும்.

ஊதியமும் இரண்டு வேலைக்கானதாக இருக்கட்டும். நடிகருக்கு என்ன, பாடகருக்கு என்ன என்று தனித்தனியே எழுதிக் கூட்டித் தாருங்கள். மாற்று ஆள் ஒருவரையும் பாட்டுக்கு மட்டும் தயார் செய்து, ஒத்திகைக்கான படிப்பணமும் கொடுத்து வையுங்கள். இந்தப் பொங்கலுக்கு நாடகம் வைத்திருக்கும் குழுக்கள் பிரதியையும் அரங்கின் அளவையும் மார்கழி பிறக்கும் முன் அனுப்பினால், மைக் மாறும் இடங்களைக் குறித்து, கட்டைகளைப் பாடகரோடு உட்கார்ந்து முடிவு செய்து தருகிறோம். அதற்குக் கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
பெங்களூருவில் மேடை ஒலியமைப்பும் குரல் பயிற்சியும் செய்துவரும் தமிழர்கள்