அரிசி அளவு போதும், சாமி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நம் இரண்டு வயதுப் பாப்பாவுக்கு வாங்கியதாக நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பேஸ்ட் டியூப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ‘ஃப்ளோரைடு இல்லாதது’ என்று முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். நீ ஏன் அதைத் தேடிப் பிடித்து வாங்கினாய் என்று எனக்குத் தெரியும். போனில் சொன்னால் ‘சரிம்மா, சரிம்மா’ என்று வைத்துவிடுவாய். பாப்பா வேறு பக்கத்தில் நின்று போனைப் பிடுங்குவாள். அதனால்தான் எழுதுகிறேன். அவள் தூங்கின பிறகு நிதானமாகப் படி. மருமகளுக்கும் காட்டு.

தருமபுரிக்காரனுக்கு ஃப்ளோரைடு என்றாலே பயம் வருவது நியாயம்தான். உன் முன்பல்லில் இருக்கிற பழுப்புக் கறை ஃப்ளோரைடு அதிகமாக இருக்கிற நம் ஊர் போர் தண்ணீர் கொடுத்தது. கல்லூரி போட்டோ எதை எடுத்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்திருக்கிறாய். வெளியூரில் போய்ப் படித்த பிள்ளைகளை ‘பல்லே விளக்க மாட்டாயா’ என்று கேட்டவர்களும் உண்டு. பாவம், விளக்கினதால் போகிற கறையா அது? ஒகேனக்கல் தண்ணீர் குழாயில் வந்தது 2013-இல். நீ வளர்ந்த காலத்தில் குடிக்க இருந்தது போர் தண்ணீர் மட்டும்தான். காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்று நினைத்துக் காய்ச்சிய வீடுகளும் இருந்தன. காய்ச்சினால் தண்ணீர்தான் வற்றும், ஃப்ளோரைடு அப்படியே இருக்கும்.

அந்தக் கறை பல் முளைத்த பிறகு மேலே படிந்தது இல்லை. பால்பல் வாயில் இருக்கும்போதே நிலையான பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும். முன்பற்களுக்கு முதல் மூன்று நான்கு வருஷம் முக்கியமான காலம். அந்த வயதில் தினமும் குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்தால், பல்லின் மேலோடான எனாமல் உருவாகும்போதே குறையோடு உருவாகிவிடும். ஆறேழு வயதில் பல் வெளியே வந்த பிறகுதான் அது கண்ணுக்குத் தெரியும். பாப்பாவுக்கும் இப்போது அந்த வயதுதானே என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது.

ஆனால் கணக்கைப் பார். அங்கன்வாடியில் ரிஜிஸ்டர் எழுதியே காலத்தைக் கழித்தவள் நான், கணக்கில்லாமல் பேச மாட்டேன். குடிதண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை போகலாம் என்பது நம் நாட்டு அளவு. 3 மில்லிகிராம் இருக்கிற போர் தண்ணீரை ஒரு குழந்தை நாளைக்கு ஒரு லிட்டர் குடித்தால், 3 மில்லிகிராம் உள்ளே போகிறது. பேஸ்ட் டியூப்பில் ‘1000 பிபிஎம்’ என்று, அதாவது ஒரு கிராம் பேஸ்டில் 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று, போட்டிருப்பதைப் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாப்பாவுக்கு வைக்க வேண்டியது ஒரு அரிசி அளவு. அது கிராமில் பத்தில் ஒரு பங்கு. அதில் இருக்கிற ஃப்ளோரைடு 0.1 மில்லிகிராம். காலையிலும் ராத்திரியிலும் துளிகூடத் துப்பாமல் முழுங்கினாலும் 0.2 மில்லிகிராம்தான். அந்தப் போர் தண்ணீரோடு பார்த்தால் பதினைந்தில் ஒரு பங்கு.

அந்த அரிசி அளவுக்கு வேலையும் இருக்கிறது. சோறு, பிஸ்கட், பால் எது சாப்பிட்டாலும் வாயில் இருக்கிற கிருமி அதிலிருந்து அமிலம் உண்டாக்கும். அமிலம் பல்லிலிருந்து தாதுவைக் கரைத்து எடுக்கும், எச்சில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து சேர்க்கும். ஃப்ளோரைடு பல்லின் மேல் இருந்தால் அந்தத் திரும்பச் சேரும் வேலை நன்றாக நடக்கும். சென்னையில் நீங்கள் குடிப்பது ஆர்ஓ தண்ணீர். அந்த மெஷின் ஃப்ளோரைடையும் சேர்த்து வடித்துவிடும். தண்ணீரிலும் இல்லை, பேஸ்டிலும் இல்லை என்றால் பிள்ளையின் பல்லுக்கு எங்கிருந்துதான் கிடைக்கும்?

அதனால் பேஸ்டை மாற்று. டியூப்பின் பின்பக்கம் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. குழந்தை படம் போட்டதா, கரடி படம் போட்டதா என்பது முக்கியமில்லை. பெரியவர்கள் பேஸ்டின் காரம் அவளுக்கு ஆகாது என்றால் காரம் இல்லாததாகப் பார். விளம்பரத்தில் பிரஷின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அலை மாதிரி வைக்கிறார்களே, அது பேஸ்ட் சீக்கிரம் தீருவதற்கான வழி. மூன்று வயது வரை அரிசி அளவு, அதையும் நாருக்குள் விரலால் அழுத்தி வை. அதற்குப் பிறகு பட்டாணி அளவு. டியூப் எப்போதும் உன் கையிலோ மேல் அலமாரியிலோ இருக்கட்டும். ஸ்ட்ராபெர்ரி வாசனை பேஸ்டை மிட்டாய் மாதிரி சப்புகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், பல் விளக்கும்போது நடக்கிறதாக நீ சொன்ன அந்த ராத்திரிச் சண்டை. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள், நீ கன்னத்தைப் பிடிக்கிறாய், அவள் அலறுகிறாள், கீழ் வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்று விட்டுவிடுகிறாய்.

முதலில் நின்றுகொண்டு வாஷ்பேசின் முன்னால் முயற்சி செய்வதை நிறுத்து. இரண்டு வயதுப் பிள்ளையை நிற்க வைத்து எதிரே நின்று விளக்கினால் உனக்குப் பல்லும் தெரியாது, அவளுக்குத் தலை நிற்காது. சுவரில் சாய்ந்து காலை நீட்டித் தரையில் உட்கார். அவள் தலை உன் மடியில், கால் உன் பாதத்தின் பக்கம் நீட்டி மல்லாந்து படுக்கட்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பழக்கத்தில் மடியில் படுக்க அவர்களுக்குப் பயம் இருக்காது. இப்போது மேலிருந்து பார்த்தால் வாய் முழுக்கத் தெரியும்.

இடது கை ஆள்காட்டி விரலால் மேல் உதட்டை மெதுவாகத் தூக்கு. மேல் முன்பல் இரண்டுக்கும் நடுவில், உதட்டையும் ஈறையும் சேர்த்து ஒரு மெல்லிய சதை இழை ஓடும். உன் நாக்கால் தடவிப் பார், உனக்கும் இருக்கும். பிரஷ் அதில் இடித்தால் சுருக்கென்று வலிக்கும். பாதிப் பிள்ளைகள் வாயை மூடுவது அந்த வலி ஞாபகம் இருப்பதால்தான். பெரியவர்கள் அடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உன் விரலை அந்த இழையின் மேல் வைத்து மறைத்துக்கொண்டு, பிரஷை ஈறும் பல்லும் சேருகிற கோட்டில் வைத்துச் சின்னச் சின்னதாக ஆட்டு. தரை தேய்க்கிற மாதிரி அழுத்தக் கூடாது. பிரஷின் நார் விரிந்து போயிருந்தால் அழுத்துகிறாய் என்று அர்த்தம். பின்னால் இருக்கிற கடைவாய்ப்பல்லை மறக்காதே, அதன் மேல் குழியில்தான் எல்லாம் போய் அடையும்.

அவளுக்குக் கடைசிக் கடைவாய்ப்பல் வருகிற நேரம் இது. இரண்டிலிருந்து இரண்டே முக்கால் வயதுக்குள் அது முளைக்கும். பின்னால் ஈறு உப்பிச் சிவந்திருந்தால் அங்கே மட்டும் ஈரத்துணியை விரலில் சுற்றித் துடைத்துவிடு. மற்ற இடத்துக்குப் பிரஷ். பல் வருகிறது என்பதற்காக முழுசாக விட்டுவிடாதே.

முதல் முறை அவள் கையில் பிரஷைக் கொடு. கடிக்கட்டும், சப்பட்டும், பொம்மைக்கு விளக்கட்டும். ‘இப்போ அப்பா முறை’ என்று சொல்லி நீ வாங்கிக்கொள். ‘பல் விளக்கலாமா?’ என்று கேட்காதே. கேட்டால் ‘வேணாம்’ என்று சொல்லத்தான் அந்த வயது. ‘நீல பிரஷா, மஞ்சள் பிரஷா?’ என்று கேள். அங்கன்வாடியில் நாங்கள் செய்தது ஒன்று உண்டு. சத்துமாவு உருண்டை சாப்பிட்டதும் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ‘உருண்டை எங்கே ஒளிஞ்சிருக்கு, காட்டு’ என்போம். வெல்லம் சேர்ந்த மாவு பல்லில் அப்படியே ஒட்டும். ஒருத்தன் ஆவென்று திறந்தால் அடுத்தவன் அவனைவிடப் பெரிதாகத் திறப்பான். நீயும் ‘இட்லி எங்கே ஒளிஞ்சிருக்கு’ என்று தேடு. கிடைக்கவில்லை என்று நடி. மேலே தேடு, கீழே தேடு, கடைசியில் பின்பல்லில் பிடி. இரண்டு நிமிஷம் அதில் போய்விடும். நீயும் அவள் எதிரில் உட்கார்ந்து விளக்கு. உன்னைப் பார்த்துத்தான் அவள் செய்வாள்.

போனில் வீடியோ போட்டுக் காட்டி வாயைத் திறக்க வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டுக்கும் அதுவே, பல்லுக்கும் அதுவே என்றால் எங்கே போய் நிற்கும்? ‘பல் டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போடச் சொல்லுவேன்’ என்று மருமகள் வாய் தவறிக்கூடச் சொல்ல வேண்டாம். முதல் பிறந்த நாளுக்குள் ஒரு தடவை பல் டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும். பரவாயில்லை, இப்போது கூட்டிப்போ. வலி எதுவும் இல்லாத நேரத்தில் போனால் நாற்காலியில் ஏறி இறங்கிவிட்டு வந்துவிடுவாள்.

சில நாள் அழத்தான் செய்வாள். அழுதால் வாய் திறந்துதான் இருக்கும், அந்த நேரத்தில் வேகமாக முடித்துவிடு. திட்டாதே, கெஞ்சாதே. முடிந்ததும் தூக்கிக்கொள். ஒரு நாள் அழுதாள் என்று விட்டால், மறுநாள் அழுகை இன்னும் நீளமாக வரும்.

காலையில் அவசரத்தில் சுருக்கமாக முடிந்தாலும் போகட்டும், ராத்திரி மட்டும் தவறவே கூடாது. தூங்கும்போது எச்சில் குறைந்துவிடும், பல்லைக் காப்பாற்ற ஆள் இருக்காது. விளக்கிய பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகக் கூடாது. பாலாடையோ டம்ளரோ, பால் எல்லாம் அதற்கு முன்னால். பாட்டிலில் சர்க்கரை போட்ட பாலைச் சப்பிக்கொண்டே தூங்குகிற பழக்கம் இன்னும் இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். அதை முதலில் நிறுத்துங்கள். சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அப்புறம் பாட்டிலில் வெறும் தண்ணீர், அப்புறம் பாட்டிலே இல்லை என்று ஆக்குங்கள். மேல் முன்பல் நாலும் கறுத்துக் குச்சி குச்சியாக நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருப்பாய், அது பெரும்பாலும் பாட்டில் செய்த வேலை. கீழ் முன்பல்லை நாக்கும் எச்சிலும் காப்பாற்றிவிடும்.

மாதம் ஒரு தடவை வெளிச்சத்தில் மேல் உதட்டைத் தூக்கிப் பார். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைக் கோடு தெரிந்தால் சொத்தை அங்கே ஆரம்பிக்கிறது. அந்த நிலையில் குழி விழுந்திருக்காது, திருப்பிவிடலாம். பழுப்பாகிப் பள்ளம் விழுந்த பிறகு முடியாது. பால்பல்லின் எனாமல் மெல்லிசு, சீக்கிரம் உள்ளே இறங்கிவிடும்.

‘விழுகிற பல்தானே’ என்று உன் மாமியார் சொன்னாராமே. அவரிடம் வாதம் செய்யாதே. ஆனால் உனக்குத் தெரிந்திருக்கட்டும், முன்பல் ஆறேழு வயதில் விழும், கடைவாய்ப் பால்பல் பத்துப் பன்னிரண்டு வயது வரை இருக்கும். அத்தனை வருஷமும் அதை வைத்துத்தான் அவள் மெல்ல வேண்டும். அது முன்னாலேயே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உன் அப்பா இங்கே ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்று ஆரம்பித்துவிட்டார். வேப்பங்குச்சியை அவர் மெல்லட்டும், அவருக்குப் பல் இருக்கிறது. பாப்பாவுக்குக் குச்சி, கரித்தூள், உப்புத்தூள் ஒன்றும் வேண்டாம். சின்னத் தலை வைத்த, நார் மெத்தென்ற பிரஷ் போதும். நீங்கள் ருசி பார்த்த ஸ்பூனை அவள் வாயில் வைக்காதீர்கள், உங்கள் வாய்க் கிருமி அப்படித்தான் அவளுக்குப் போகும். ஏழு எட்டு வயது வரை நீங்கள்தான் விளக்கிவிட வேண்டும். அவள் தானே செய்கிறாள் என்று நம்பி விடாதீர்கள்.

பொங்கலுக்கு வரும்போது அவள் பிரஷை மறக்காமல் எடுத்து வா. இங்கே புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தால், அந்த வாத்து படம் இல்லை என்று வாயைத் திறக்க மாட்டாள். குடிக்க ஒகேனக்கல் தண்ணீர் தனிக் குடத்தில் பிடித்து வைத்திருப்பேன். போர் தண்ணீர் குளிக்க மட்டும். உனக்கு ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறேன், பஸ்ஸில் தூக்க முடிந்த அளவு எடுத்துப் போ.

அன்புடன்,
அம்மா