கிணற்றுக்கு வயசா, வியாதியா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில் டெல்டா பக்கம் வயலுக்கு நடுவில் ஒரு ரிக் நிற்கும் படத்தைப் போட்டு, மறுபடியும் புதுக் கிணறா என்று கேட்டிருந்தீர்கள். படத்தைப் பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. அது புதுசாகத் தோண்ட வந்தது இல்லை, பழைய கிணற்றுக்கு வைத்தியம் பார்க்க வந்த வொர்க்ஓவர் ரிக். கோபுரம் லாரி மேலேயே படுத்து எழுகிற சின்ன ரகம், பக்கத்தில் அடுக்கியிருந்த குழாய்கள் எல்லாம் பல வருடம் எண்ணெயில் ஊறிக் கறுத்தவை. புதுக் கிணற்றுக்கு அப்படிப்பட்ட குழாய் வராது.

ஆனால் கேட்டவர்கள் மீது எனக்குத் துளியும் கோபம் இல்லை. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்து, இந்தப் பகுதியில் புதுசாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது என்று ஆன பிறகு, வயலுக்கு நடுவில் திடீரென்று ஒரு கோபுரம் நிமிர்ந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? அதே சட்டம், ஏற்கெனவே நடந்துவரும் வேலைகளைத் தொடவில்லை. அதனால் பழைய கிணறுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தக் கிணறுகளை எப்படி ஓட்டுகிறோம், நன்றாக ஓட்டுகிறோமா என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம். ஒரு பக்கம் 'இன்னும் தோண்டு' என்கிறார்கள், இன்னொரு பக்கம் 'எல்லாவற்றையும் மூடு' என்கிறார்கள். நடுவில் கிணறு பாட்டுக்குத் தேய்ந்துகொண்டிருக்கிறது.

நான் குத்தாலம் பக்கத்துக்காரன். முப்பது வருடத்துக்கு மேல் குஜராத், அசாம், அப்புறம் கடைசியில் சொந்த ஊர்ப் பக்கம் என்று எண்ணெய்க் கிணறுகளோடேயே இருந்து ஓய்வு பெற்றவன். இன்ஜினியர் இல்லை, கிணற்றுப் பராமரிப்பில் டெக்னீஷியன். அதனால் பெரிய திட்டங்களைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒரு கிணறு ஏன் குறைவாகத் தருகிறது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் சொல்ல முடியும்.

உற்பத்தி குறைந்தது என்றால் எல்லாரும் முதலில் சொல்வது, 'கிணறு கிழடு தட்டிவிட்டது'. உண்மைதான், பூமிக்கு அடியில் இருக்கும் அழுத்தம் எடுக்க எடுக்கக் குறையும், கிணறும் குறையும். ஆனால் அந்தக் குறைவுக்கு ஒரு நடை உண்டு. 1945-லேயே ஆர்ப்ஸ் என்பவர் அதைக் கணக்காக எழுதிவைத்துவிட்டார். வருடத்துக்குப் பத்து விழுக்காடு குறையும் கிணறு பத்து வருடம் கழித்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தரும், அது வயசு. நேற்று வரை அந்தக் கோட்டிலேயே வந்துகொண்டிருந்த கிணறு இந்த மாதம் பொத்தென்று பாதியாக விழுந்தால் அது வயசு இல்லை, வியாதி. வயசுக்கு மருந்து இல்லை, வியாதிக்கு உண்டு. இந்த வித்தியாசத்தைப் பார்க்க ஒரு வரைபடத்தாளும் ஒழுங்காக எழுதிய பதிவேடும் போதும்.

குஜராத்தில் ஒரு கிணறு, தலையை ஆட்டி ஆட்டி இறைக்குமே, அந்த எஸ்.ஆர்.பி பம்ப் போட்டது. நம் ஊர் ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம், ஆளுக்குப் பதில் மோட்டார், சாலுக்குப் பதில் ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஒரு பம்ப், கயிற்றுக்குப் பதில் இரும்புக் கம்பிகள். நாளுக்குப் பத்து கனமீட்டர் சொச்சம் கொடுத்துக்கொண்டிருந்தது மூன்றுக்கு வந்துவிட்டது. நான் இருந்த இடத்தில் மேலதிகாரிகள், அடியில் அழுத்தம் போய்விட்டது, இதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று தோண்டலாம் என்றே முடிவுக்கு வந்துவிட்டார்கள். எங்களோடு இருந்த ஒரு வயசான ஆபரேட்டர் மட்டும், எக்கோமீட்டர் வைத்து ஒரு தடவை கேட்டுப் பார்ப்போமே என்றார்.

கிணற்றுக்குச் சுவர் மாதிரி நிற்கும் கேசிங் குழாய்க்கும், அதற்குள்ளே எண்ணெய் ஏறி வரும் ட்யூபிங் குழாய்க்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் மேலேயிருந்து டப் என்று ஒரு வெடிச் சத்தத்தைக் கீழே அனுப்புவார்கள். குழாய்களை இணைத்திருக்கும் ஒவ்வொரு காலரிலும் பட்டு மெல்லிசாக எதிரொலி வரும், கடைசியில் திரவ மட்டத்தில் பட்டுப் பெரிய எதிரொலி வரும். ஒரு குழாய் ஒன்பதரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு காலர்களை எண்ணினால் மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எண்ணினோம், அறுபது சொச்சம் வந்தது. பம்ப் இருந்ததோ ஆயிரத்து இருநூறு மீட்டரில். அதாவது பம்புக்கு மேல் கிட்டத்தட்ட அறுநூறு மீட்டர் உயரத்துக்கு எண்ணெய் நின்றுகொண்டிருக்கிறது! அடியில் அழுத்தம் இல்லாத கிணற்றில் அவ்வளவு உயரம் எப்படி ஏறும்? பூமி கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, மேலே ஏற்றத்தான் நமக்குத் துப்பில்லை.

அடுத்து டைனமோமீட்டர் கார்டு எடுத்தோம். கம்பி மேலே போகும்போதும் கீழே வரும்போதும் எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும், இருதயத்துக்கு ஈ.சி.ஜி எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கார்டு கொழுகொழுவென்று நன்றாக இருந்தது. பம்ப் நிறைந்து இழுக்கிறது, ஆனால் மேலே வந்து சேரவில்லை. அப்படியென்றால் நடுவழியில் எங்கோ ஒழுகுகிறது. ரிக்கைக் கொண்டுவந்து ட்யூபிங்கை உருவிப் பார்த்தால், கம்பி உரசி உரசிக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். இழுத்த எண்ணெயெல்லாம் அது வழியாகத் திரும்பக் கிணற்றுக்கே போய்க்கொண்டிருந்தது. குழாயை மாற்றினோம், நான்கு நாள் வேலை. புதுக் கிணறு தோண்டியிருந்தால் பல கோடி ரூபாய் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதில்தான் பலர் சறுக்குவார்கள். மட்டத்தைக் கீழே இறக்கினால் எவ்வளவு கூடும் என்ற கணக்கு. கிணற்றுக்கு அடியில் நிற்கும் எண்ணெய்த் தூண் தன் எடையால் பூமியை எதிர்த்து அழுத்துகிறது, அறுநூறு மீட்டர் எண்ணெய் என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஐம்பது கிலோ அளவுக்கு. ஒரு உதாரணத்துக்குப் பூமியின் அழுத்தம் 110 கிலோ, கிணற்றடியில் 60 கிலோ, வருவது நாளுக்கு 10 கனமீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 50. கிணற்றடி அழுத்தத்தை 20-க்கு இறக்கினால் வித்தியாசம் 90 ஆகிறது, அப்போ 18 வர வேண்டும் என்று நேர்கோடாகக் கணக்குப் போட்டு மேலே கடிதம் எழுதிவிடுவார்கள். வராது. அழுத்தம் குறையும்போது எண்ணெயில் கரைந்திருந்த வாயு பிரிந்து வெளியே வந்து, பாறையின் துவாரங்களில் எண்ணெய்க்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு போகும், எண்ணெய்க்கு வழி குறையும். 1968-இல் வோகல் என்பவர் இதற்கு ஒரு எளிய சமன்பாடு கொடுத்தார். அதில் போட்டால் 18 இல்லை, 14 சொச்சம்தான். வராத அந்த நாலு கனமீட்டரை நம்பிப் பெரிய பம்ப் வாங்கிப் போட்டு, அது பாதி நேரம் வெறும் வாயுவை அடித்துக்கொண்டு கெட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருகிறேன். காவிரிப் படுகையில் ஆராய்ச்சி தொடங்கி, 1964-இல் காரைக்காலில் முதல் ஆழ்கிணறு தோண்டி, கடைசியில் 1985-இல் நரிமணத்தில்தான் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தது. அதற்கப்புறம் கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம் என்று வரிசையாக வந்தன. அப்போது பிறந்த பிள்ளைக்கு இன்று நாற்பது வயசு. அந்தக் காலத்துக் கிணறுகளிடம் அந்தக் காலத்து வேகத்தை எதிர்பார்க்க முடியாது, சரி. ஆனால் ஒவ்வொரு கிணற்றிலும் வயசு எவ்வளவு, வியாதி எவ்வளவு என்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தானே 'முடிந்துவிட்டது' என்று சொல்ல வேண்டும்?

வியாதிகளில் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரிகிறது ஒன்று உண்டு, ஊற்றுக்கண் அடைப்பு. வயல் கிணற்றில் தண்ணீர் குறைந்தால் யாரும் உடனே பக்கத்தில் இன்னொன்று வெட்டுவதில்லை, முதலில் தூர் வாருவார்கள். எண்ணெய்க் கிணற்றிலும் அப்படித்தான், தோண்டியபோது போன சேறு, பாறையிலிருந்து வரும் களிமண் துகள், உப்புப் படிவு எல்லாம் சேர்ந்து கிணற்றை ஒட்டிய ஒன்றிரண்டு முழத் தொலைவை அடைத்துவிடும். தொழிலில் அதை 'ஸ்கின்' என்பார்கள். கிணற்றை மூடி வைத்து அழுத்தம் எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்று அளந்தால், பூமியே வறண்டுவிட்டதா, வாசல் மட்டும்தான் அடைத்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். வாசல் அடைப்பு என்றால் அமிலம் விட்டுக் கழுவுவது உண்டு. அமிலம் என்றதும் பயம் வரும், வர வேண்டியதுதான். ஹைட்ரோகுளோரிக் அமிலம், மணற்பாறை என்றால் அதோடு கொஞ்சம் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், இரண்டும் விளையாட்டுச் சாமான் இல்லை. எவ்வளவு விட்டார்கள், திரும்பி வந்த தண்ணீரை எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்க ஊர்க்காரர்களுக்கு முழு உரிமை உண்டு.

வாயுக் கிணறுகளின் வியாதி வேறு. வாயு வேகமாக மேலே வரும்வரை கூடவே வரும் தண்ணீர்த் துளிகளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் துளிகள் வழுக்கிக் கீழே விழுந்து, அடியில் தேங்கி, கிணறு தன் தண்ணீரிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். அந்த வேகம் எவ்வளவு என்று 1969-இல் டர்னரும் கூட இருந்தவர்களும் கணக்குச் சொல்லிவிட்டார்கள். வைத்தியமும் அப்படி ஒன்றும் பிரம்மாண்டமானது இல்லை, உள்ளே ஒல்லியான குழாயை இறக்கினால் அதே வாயு வேகமாக ஓடும், இல்லையென்றால் சோப்புக் குச்சியைப் போட்டு நுரை கிளப்பினால் தண்ணீர் லேசாகி மேலே வந்துவிடும். ஆமாம், சோப்புதான். திருமக்கோட்டையில் 107 மெகாவாட், குத்தாலத்தில் 101 மெகாவாட் என்று அரசு எரிவாயு மின் நிலையங்கள் நம் பக்கத்திலேயே இருக்கின்றன. வாயு நின்றால் அதன் அடி அங்கேதான் விழும்.

உற்பத்தியைக் கூட்டுவது என்றால் கிணற்று வாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக்கைத் திறந்துவிட்டு இழு இழு என்று இழுப்பது என்று நினைத்துவிடக் கூடாது. கடலோரத்தில் போர்வெல்லை அதிகமாக ஓட்டி உப்புத் தண்ணீரை மேலே கொண்டுவந்தவர்கள் நம்மிடையே நிறைய பேர் இருக்கிறார்கள். எண்ணெய்க் கிணற்றிலும் கீழே இருக்கும் உப்பு நீர் கூம்பு மாதிரி மேலே எழும்பி வந்துவிடும். ஒரு தடவை தண்ணீர் வழி பிடித்துவிட்டால் திரும்ப இறக்குவது பெரும் பாடு. அந்த நீரைப் பிரிக்க வேண்டும், எங்காவது பத்திரமாகப் பூமிக்குள்ளேயே திருப்பி அனுப்ப வேண்டும். வயல்காரர்களுக்கு வரும் தலைவலியில் பாதி இந்தத் தண்ணீரால்தான். அதனால் சில கிணற்றை மெதுவாக ஓட்டினால்தான் மொத்தத்தில் அதிகம் எடுக்கலாம். இது மேலே இருப்பவர்களுக்குப் பிடிக்காது, இந்த மாத இலக்கு என்று ஒன்று இருக்கிறதே.

எல்லாவற்றுக்கும் அடிப்படை அளவு. அதில்தான் ஓட்டை. பல கிணற்று எண்ணெயும் சேகரிப்பு நிலையத்தில் ஒரே தொட்டிக்குப் போகும். ஒரு கிணறு தனியாக என்ன தருகிறது என்று பார்க்க, அதை மட்டும், எண்ணெய், வாயு, தண்ணீரைப் பிரித்து அளக்கும் டெஸ்ட் செபரேட்டருக்குத் திருப்பிச் சில மணி நேரம் அளக்க வேண்டும். அளக்காத நாட்களில் மொத்தத்தைப் பங்கு போட்டு எழுதுவார்கள். அளக்க வேண்டிய நாளிலும், போன தடவை எழுதியதையே திரும்ப எழுதிவிட்டு டீ குடிக்கப் போன ஷிஃப்டுகளை நான் பார்த்திருக்கிறேன், ஏன், இளவயதில் நானே ஒன்றிரண்டு தடவை செய்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன். அந்தக் குஜராத் கிணற்றின் பதிவேட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரே எண் இருந்தது. குழாய் எப்போது கிழிந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மும்பைக்கு அப்பால் கடலில் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயலைப் பாருங்கள். 1974-இல் கண்டுபிடித்தது, 1976-இல் உற்பத்தி தொடங்கியது, அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அந்தக் கிழட்டு வயலிலிருந்து இன்னும் எடுக்கலாம் என்றுதான் 2025 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி, பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தைத் தொழில்நுட்பத் துணைக்கு அமர்த்தியது. பத்து வருடத்தில் எண்ணெயை 44 விழுக்காடு வரை, வாயுவை 89 விழுக்காடு வரை கூட்டலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. அது நடக்குமா என்பதைப் பத்து வருடம் கழித்துப் பார்ப்போம். கடலில் இவ்வளவு அக்கறை காட்டலாம் என்றால், கரையில் நாளுக்கு ஐந்து பத்து கனமீட்டர் தரும் சின்னக் கிணறுகளுக்கும் கொஞ்சம் காட்டலாமே.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு கிணற்றிலும் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு வாயு, எவ்வளவு தண்ணீர் வருகிறது, கடைசியாக எந்தத் தேதியில் தனியாக அளந்தார்கள் என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது தமிழில் வெளியிடட்டும். ரிக் கொண்டுவருவதற்கு ஒரு வாரம் முன்னால் ஊராட்சியில் சொல்லட்டும், என்ன வேலை, எத்தனை நாள், உள்ளே என்ன போகிறது, வெளியே என்ன வருகிறது என்று. அப்போது உங்கள் நிருபரும் படம் எடுத்துவிட்டு ஊகிக்க வேண்டியிருக்காது. வைத்தியம் பார்த்தும் தேறாத கிணற்றை, சும்மா வேலி போட்டு வருடக்கணக்கில் வைத்திருக்காமல், சிமெண்ட் இறக்கி முறைப்படி அடைத்து, நிலத்தைச் சீர்செய்து உரியவரிடம் கொடுக்கட்டும். பிழைக்கிறதைப் பிழைக்க வை, பிழைக்காததை அடக்கம் பண்ணு, அவ்வளவுதான்.

நான் காலையில் நடக்கப் போகும் வழியில் ஒரு கிணறு இருக்கிறது. கேட்டில் ஒரு பலகை, அதில் கிணற்றின் எண்ணும் 'அனுமதியின்றி உள்ளே நுழையக் கூடாது' என்ற எச்சரிக்கையும் மட்டும்தான். அதற்குக் கீழே பாதிப் பலகை காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிணற்றுப் பராமரிப்பு டெக்னீஷியன்,
குத்தாலம், மயிலாடுதுறை மாவட்டம்.