பிரைட்டன் வீடியோவை அனுப்பிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு

லண்டனிலும் அதைச் சுற்றியும் இருக்கும் தமிழ் நண்பர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே,

லண்டனுக்குத் தெற்கே இருக்கும் பிரைட்டன் ஊரின் கடற்கரைச் சாலையில், 'உலக நிர்வாண சைக்கிள் ஊர்வலம்' (World Naked Bike Ride) என்ற பெயரில் ஆடையில்லாமல் சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களின் வீடியோ ஒன்று ஜூன் மாதத்திலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து கிளம்பி, திருச்சியில் இருக்கும் என் அத்தை மகள்வரை போய், "இதெல்லாம் உங்க ஊர்லயா நடக்குது?" என்ற கேள்வியோடு என்னிடமே திரும்பி வந்துவிட்டது. நீங்கள் எழுதிய வரிகளும் கூடவே வந்தன. கலி முத்திவிட்டது, வெள்ளைக்காரனுக்கு வேறு வேலை இல்லை, அப்புறம் கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் முழ நீளத்துக்கு.

அந்த வீடியோவில் நானும் இருக்கிறேன். தேட வேண்டாம், அகப்பட மாட்டேன். ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி, கழுத்திலிருந்து முழங்கால்வரை நீலச் சாயம். நீச்சலுடையின் கீழ்ப்பாதியை நான் கழற்றவில்லை. அதை அங்கே யாரும் குறையாகச் சொல்லவில்லை. யாருக்கு எவ்வளவு துணிச்சலோ அவ்வளவு கழற்றலாம் என்பதுதான் அந்த ஊர்வலத்தின் ஒரே ஆடை விதி. முழுச் சட்டை பேண்ட்டோடு ஓட்டியவர்களும் இருந்தார்கள். மடலில் பெயர் போடாததற்குக் காரணம் நீங்கள் இல்லை, என் மாமியார்.

எதற்காக இந்தக் கூத்து என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2001இல் ஸ்பெயினின் சரகோசா நகரத்தில் சைக்கிள்காரர்கள் ஆடை களைந்து ஊர்வலம் போனார்கள். பிறகு கனடாவின் வான்கூவரில் கான்ராட் ஷ்மிட் என்ற செயற்பாட்டாளர், எண்ணெயை நம்பி ஓடும் உலகத்துக்கு எதிர்ப்புக் காட்டுவதற்காகப் பல ஊர்க்காரர்களைச் சேர்த்தார். 2004 ஜூன் 12 அன்று 10 நாடுகளில், 28 நகரங்களில் ஓட்டினார்கள். பிரைட்டன் 2006இல் சேர்ந்துகொண்டது. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ராத்திரியில் ஓட்டுகிறார்கள். பூமியின் தென்பாதியில் இருப்பவர்கள் குளிருக்குப் பயந்து மார்ச்சிலேயே முடித்துவிடுகிறார்கள்.

எண்ணெயோடு சேர்ந்து இன்னொரு விஷயமும் முன்னால் வந்தது. எனக்கு முக்கியம் அதுதான். காரில் போகிறவரைச் சுற்றித் தகடு இருக்கிறது, பெல்ட் இருக்கிறது, இடித்தால் உப்புகிற ஏர்பேக் இருக்கிறது. சைக்கிளில் போகிறவரைச் சுற்றி ஒரு டீ-ஷர்ட் இருக்கிறது. அதையும் கழற்றிவிட்டால் ஆபத்து ஒரு துளிகூடக் கூடுவதில்லை. இத்தனை நாள் இருந்தது இப்போது கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். எனக்கு முன்னால் போன ஒரு தாத்தா முதுகில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்: "இப்போதாவது நான் தெரிகிறேனா?" இன்னொரு பெண் முதுகில், எண்ணெயை எரிக்காதே, கொழுப்பை எரி. உங்கள் வீடியோ முன்பக்கத்திலிருந்து எடுத்தது. அதில் ஒரு முதுகுகூட இல்லை.

தாத்தா கேட்டது வெறும் குறும்புக் கேள்வி இல்லை. பிரிட்டனில் சைக்கிள்காரர் மேல் வண்டி மோதும் விபத்துகளில் போலீஸ் பதிவேட்டில் ஓட்டுநர் பெயருக்கு எதிரே அடிக்கடி வந்த காரணம், "சரியாகப் பார்க்கவில்லை" என்பதுதான். 2020இல் சாலையில் இறந்த சைக்கிள்காரர்கள் 141 பேர். 2023இல் 87 பேர். படிக்க வந்த நம் ஊர்ப் பிள்ளைகள் ராத்திரி பதினொரு மணிக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமிலும் இல்ஃபர்டிலும் சாப்பாட்டுப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் அலைகிறார்களே, அவர்களும் ஓட்டுவது இதே சாலைகளில்தான். நம் குழுவிலேயே அப்படி ஓட்டுகிற தம்பிகள் இருக்கிறார்கள். அவர்களை உரசிக்கொண்டு போகிற கார்களில் சிலவற்றில் டாஷ்போர்டில் பிள்ளையார் உட்கார்ந்திருப்பார்.

பிரைட்டனுக்குள்ளேயே ஓல்ட் ஷோரம் ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. 2020 மே மாதம், கொரோனா நேரத்தில், அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். போக்குவரத்து நெரிசல், கடைக்காரர் புகார், வழக்கமான சண்டை. 2021இல் மாநகராட்சியே அதை எடுத்துவிட்டது. இங்கே ஊர்வலம் நடத்துகிறவர்கள் மேலும் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தச் சாலையைப் பற்றி ஒரு பதாகைகூட அன்று என் கண்ணில் படவில்லை. பாட்டுப் பெட்டி இருந்தது, ஊதல் இருந்தது, இறக்கை கட்டியவர் இருந்தார். கேட்க வேண்டியதைக் கொஞ்சம் உரக்கக் கேட்டிருக்கலாம்.

சரி, ஏன் பிரைட்டனில் என்கிறீர்களா? அந்த ஊர் பிழைத்ததே உடுப்பைக் கழற்றித்தான். 1750இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர், கடல் தண்ணீரில் முழுகினால், குடித்தால்கூட, நோய் தீரும் என்று எழுதினார். பணக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். சக்கரம் வைத்த மரப்பெட்டிக்குள் உடை மாற்றுவார்கள். அதைத் தண்ணீர்வரை தள்ளிப்போய், பெண்களைக் கடலில் முக்கி எடுப்பதற்கென்றே கூலிக்கு ஆள் இருந்தது. மார்த்தா கன் என்ற அம்மாள் அந்த வேலையில் பேர்பெற்றவர். அந்தக் காலத்து ஆண்கள் ஒன்றும் போடாமல் கடலில் இறங்குவது சாதாரணம். பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது இதே ஊருக்கு வந்து, நீராவிக் குளியலும் உடம்பு பிடித்துவிடுவதும் நடத்தி, இரண்டு ராஜாக்களுக்கு 'ஷாம்பூ மருத்துவர்' என்று பட்டம் வாங்கினார் (அன்றைக்கு ஷாம்பூ என்றால் உடம்பு பிடித்துவிடுவது). 1980 ஏப்ரல் 1 அன்று மாநகராட்சியே கடற்கரையில் ஒரு பகுதியை ஆடையில்லாமல் இருப்பவர்களுக்கென்று திறந்துவிட்டது. எய்லீன் ஜேக்ஸ் என்ற கவுன்சிலர், அதுவும் கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர், அதற்காகச் சண்டை போட்டார். எங்கள் ஊர்வலம் போய் முடிந்த இடமும் அதுதான்.

"போலீஸ் எப்படி விடுகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இங்கிலாந்தில் ஆடையில்லாமல் இருப்பது மட்டுமே குற்றமாகாது. 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டம், அடுத்தவர் பார்த்துப் பதற வேண்டும் என்ற எண்ணத்தோடு காட்டினால்தான் குற்றம் என்கிறது. எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை. எங்கள் எண்ணமெல்லாம் சீட்டில் விரித்த துண்டு நழுவாமல் இருக்க வேண்டும் என்பதுதான்.

"நம் பண்பாடு" என்று எழுதியவருக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கழுகுமலைக்குப் போனால் பாறையில் ஆடையில்லாத சமண உருவங்களை வரிசையாகப் பார்க்கலாம். அது துறவு, இது தெருக்கூத்து என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உடம்பைப் பார்த்ததும் ஆபாசம் என்று முடிவுகட்டுவது மட்டும்தான் தமிழ்ப் பண்பாடு என்று யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். குழந்தைகள் பார்க்கிறார்களே என்பது வேறு. அது உண்மையான கவலை. அன்று நடைபாதையில் நின்ற சிறுவர்கள் சிரித்தார்கள், கை காட்டினார்கள், இரண்டு நிமிடத்தில் ஐஸ்கிரீமுக்குத் திரும்பிவிட்டார்கள். பெரியவர்கள்தான் கைப்பேசியைத் தாழ்த்தவே இல்லை.

எனக்கும் பயம் இருந்தது. சனிக்கிழமையே விக்டோரியாவிலிருந்து ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு, நானும் கணவரும் போய்ச் சேர்ந்தோம். கடல் தெரியும் அறை என்று சொல்லிக் காசு வாங்கியிருந்தார்கள். குளியலறை ஜன்னலில் கழுத்தை நீட்டினால் தெரிந்தது. ராத்திரி தூக்கம் வரவில்லை. கணவர் ஓட்டவில்லை. என் துணிப்பையை வாங்கிக்கொண்டு, கடலுக்குள் நீளும் பேலஸ் பியர் பாலத்துப் பக்கம் சிப்ஸ் பொட்டலத்தைக் கடற்காகங்களிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு நிற்பதாக ஏற்பாடு. (காப்பாற்றவில்லை.) ஊர்வலம் கிளம்பிய பிரஸ்டன் பூங்காவில் மேலாடையைக் கழற்றிய அந்த நிமிடம் கஷ்டம்தான். ஆனால் பயமெல்லாம் முதல் சிக்னல்வரைதான். அதற்கப்புறம் குளிர்தான் பெரிய விஷயம். சுற்றிலும் தொப்பை, நரை, சுருக்கம், குழந்தை பெற்ற வயிறு. இத்தனை சாதாரண உடம்புகளை நான் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. என்னுடையதும் அதில் ஒன்று என்று பட்டபோது, அரை நூற்றாண்டாகத் தூக்கிச் சுமந்த ஒரு கூச்சம் எங்கே விழுந்தது என்று தெரியவில்லை.

எனக்குப் பக்கத்தில் ஓட்டிய பெண்மணிக்குப் புற்றுநோயில் ஒரு மார்பை எடுத்திருந்தார்கள். அந்தத் தழும்பைச் சுற்றிக் கொடி மாதிரி வரைந்திருந்தார். சிகிச்சைக்குப் பிறகு கணவர் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் என்றார். உங்கள் வீடியோவில் அவரும் இருக்கிறார். முகம் தெளிவாகத் தெரிகிறது. எடுத்தவர் அந்த இடத்தில் படத்தைப் பெரிதாக்கியும் காட்டியிருக்கிறார். கீழே யாரோ ஒருவர் ஒரு கேலி எழுதியிருக்கிறார். அதை இங்கே திருப்பி எழுத எனக்குக் கை வரவில்லை.

சட்டம் உங்கள் பக்கமும் இருக்கிறது, தெரியும். பொது இடத்தில் நடப்பதைப் படம் எடுக்க இந்த நாட்டில் பொதுவாகத் தடை இல்லை. பார்ப்பதை நாங்களும் தடுக்கவில்லை. பார்க்கத்தான் ஓட்டுகிறோம், யாருமே பார்க்காவிட்டால் அன்றைய உழைப்பு வீண். ஆனால் ஊர்வலம் நடத்துகிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: ஒருவரைக் குறிவைத்து எடுப்பதாக இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள். சாலையில் அந்த நிமிடம் அந்தக் கூட்டத்தின் முன்னால் தன்னைக் காட்டச் சம்மதித்த ஒரு மனுஷி, ஈஸ்ட் ஹாமிலிருந்து திருச்சிவரை ஒவ்வொரு கைப்பேசியிலும் கிடக்கச் சம்மதிக்கவில்லை. அன்று அதே கூழாங்கல் கரையில் உங்கள் மகள் நீச்சலுடையில் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை ஒருவன் கேட்காமல் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தால், சட்டப்படி சரிதானே என்று விட்டிருப்பீர்களா?

அதனால் கேட்கிறேன். வீடியோவை அழித்துவிடுங்கள். குழுவிலும் 'எல்லோருக்கும் நீக்கு' என்பதை அழுத்துங்கள். நேரம் கடந்து அது வேலை செய்யாவிட்டால், குழு நடத்துகிற அண்ணன் நீக்கலாம். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்தக் கேலியை எழுதியவர் தன் வரியைத் தானே எடுத்துவிட்டால் நல்லது.

அடுத்த ஜூனில் தாராளமாக வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கை தட்டுங்கள், கைப்பேசி பையில் இருக்கட்டும். சைக்கிள்கள் உங்களைத் தாண்டிப் போன பிறகும் கொஞ்ச நேரம் நில்லுங்கள், எழுத்தெல்லாம் முதுகில்தான் இருக்கும். காரில் வருவதாக இருந்தால் ஒரு விஷயம்: 2022 ஜனவரியில் திருத்திய சாலை விதிப்படி, சைக்கிளைத் தாண்டும்போது குறைந்தது ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும். வேகம் மணிக்கு 30 மைலைத் தாண்டினால் இன்னும் கூடுதலாக. லண்டனிலிருந்து பிரைட்டன் போகும் ஏ23 சாலையில் அன்று சைக்கிள்கள் நிறைய வரும், உடுத்தியவர்களும் சேர்த்து.

இப்படிக்கு,
உங்கள் குழுவில் இருக்கும் ஒருத்தி