ராஜுவுக்கு வீடு

அன்புள்ள பாலா,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். உன் சர்க்கரை அளவைக் கேட்கப் போவதில்லை, எப்படியும் பொய்தான் சொல்வாய்.

ராஜு வெளியே வந்துவிட்டான். சாங்கிச் சிறையிலிருந்து நேரே வீட்டுக்கு வரவில்லை, தண்டனையின் கடைசி மாதங்கள் ஹாஃப்வே ஹவுஸ் என்னும் மறுவாழ்வு இல்லத்தில். வீடுள்ளவர்களில் சிலரைக் காலில் மின்னணுக் கண்காணிப்பு டேக் மாட்டி வீட்டுக்கே அனுப்புகிறார்கள். இவனுக்கு ஏது வீடு? அம்மா போனதும் தோ பாயோ வீட்டை அண்ணன் விற்றாயிற்று. ராஜுவைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னால், தன் பெண்ணுக்கு ஓ லெவல் பரீட்சை வருஷம், அப்புறம் பார்க்கலாம் என்கிறான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை. பாவம், இதற்குமுன் எவ்வளவு பட்டிருக்கிறான்.

வேலை சீக்கிரமே அமைந்தது. சிறையிலிருந்து வருபவர்களுக்கு உதவ 2004இல் மஞ்சள் ரிப்பன் தொடங்கியபோது நீ கிண்டலடித்தாயே, அவர்கள்தான் பிடித்துக் கொடுத்தார்கள். வீடுதான் இழுத்தடித்தது. வீவக, அதாவது அரசாங்க வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வாடகை வீடு வேண்டுமென்றால் தனி ஆளுக்கு 35 வயதாகியிருக்க வேண்டும், அதுவும் இன்னொருவரோடு சேர்ந்துதான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. அந்த இன்னொருவருக்கு இவன் எங்கே போவான்? இத்தனை வருஷத்தில் பழகியவர்கள் எல்லாம் உள்ளே பழகியவர்கள். அவர்களோடு சேராதே என்றார் அதிகாரி, யாரையாவது சேர்த்துக்கொண்டு வா என்றது விதி! எனக்கு வந்த கோபத்தில் காப்பிக்கடையில் கத்திவிட்டேன். அவனோ அமைதியாகத் தே-ஓ, அதுதான் பாலில்லாத தேநீர், குடித்துக்கொண்டிருந்தான்.

நல்லவேளை, 2021 கடைசியில் ஒரு முன்னோட்டத் திட்டம் வந்தது. தனியாகவே விண்ணப்பிக்கலாம், வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் கூட்டாளியை, திட்டத்தை நடத்தும் அமைப்பே பார்த்துச் சேர்த்து வைக்கும். கல்யாணத் தரகர் வேலைதான் போ. இவனுக்கு வாய்த்தவர் ஒரு சீனத் தாத்தா. போய்ப் பார்த்தேன். நடுவில் ஒரு தடுப்பு, அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் இவன். தாத்தா ராத்திரி ரேடியோவை நிறுத்துவதே இல்லையாம். "உள்ளே இதைவிடச் சத்தம்டா" என்று சிரிக்கிறான். சாவியைக் கழுத்தில் மாட்டியிருக்கிறான், பள்ளிக்கூடப் பையன் மாதிரி. நான் கேலி பண்ணவில்லை. நீயும் பண்ணாதே.

ஒரு வேலை இருக்கிறது உனக்கு. அவனுடைய சான்றிதழும் அம்மா படமும் ஒரு பெட்டியில் அண்ணன் வீட்டில் கிடக்கின்றன. அண்ணன் உன் பேச்சைத்தான் கேட்பான். தம்பியைச் சேர்த்துக்கொள் என்றெல்லாம் ஆரம்பிக்காதே, போனை வைத்துவிடுவான். பெட்டியை மட்டும் கேள். ஈசூன் போய் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
மணியம்