கலாவுக்கு, கிப்பர் போய்வந்த கதை

அன்புள்ள கலா,

நலம். நீயும் அத்தானும் சுகம்தானே? முட்டிவலியை நேரில் விசாரிக்கிறேன். தீபாவளிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ கோபமாக இருப்பதை சரசு போனில் சொன்னாள். அதோடு உன் பையன் பனிச்சிறுத்தையைப் படமெடுக்க அடுத்த பிப்ரவரியில் இமாச்சலத்து மலைப்பகுதியான ஸ்பிதிக்குப் போகப் பணம் கட்டப்போகிறான் என்றும் சொன்னாள். கட்டுவதற்கு முன் இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

ஆமாம், நான் போய்ப் பார்த்துவிட்டேன்! இனிமேல் கோடியக்கரையில் நான் பிளாஸ்டிக் பையைப் பறவையென்று நினைத்த விஷயத்தை யாரும் எடுக்கக் கூடாது.

குளிர்காலத்தில் குன்சும் கணவாய் மூடிவிடும், மணாலி வழி கிடையாது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் சுற்றித்தான் ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவுக்குப் போக வேண்டும். கிப்பர் கிராமம் அதற்கும் மேலே, சுமார் 4,200 மீட்டர் உயரத்தில். காசாவில் தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்ட பிறகுதான் ஏற்றினார்கள். ராத்திரி மைனஸ் இருபதுக்கும் கீழே போகும். குழாய் உறைந்துவிடும். கழிப்பறை என்பது ஓர் ஓட்டை, பக்கத்தில் மண் குவியல், ஒரு மண்வெட்டி. நீயாக இருந்தால் அன்றைக்கே திரும்பியிருப்பாய். ஆனால் தங்கிய வீட்டில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பைக் குடித்த சுகத்துக்கு எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

விடிவதற்கு முன்பே ஊர்ப் பையன்கள் தொலைநோக்கியோடு மேட்டில் நிற்பார்கள். கிப்பருக்கும் சிச்சமுக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. 2017ல் திறந்த பாலம் அதன்மேல்தான் போகிறது. பனி மூடியதும் பாரல் என்ற காட்டு ஆடும், ஐபெக்ஸ் என்ற பெரிய கொம்புள்ள மலையாடும் மேய்ச்சலுக்குக் கீழே இறங்கிவிடும், பின்னாலேயே சிறுத்தையும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை அதற்கு இணைசேரும் காலம், அதனால் பகலிலும் நடமாட்டம் இருக்கும். எங்கள் வழிகாட்டி நேராகச் சிறுத்தையைத் தேடவே இல்லை. பாரல் ஆடுகள் மேய்வதை நிறுத்திவிட்டு எந்தப் பக்கம் முறைக்கின்றன என்று பார்த்தான். "கறுப்புப் பாறைக்கு இரண்டு விரல் இடப்பக்கம்" என்றான். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் என் தலையைப் பிடித்துத் திருப்பிவைத்த பிறகும் தெரியவில்லை. கடைசியில் அது கொட்டாவி விட்டது. கலா, நான் 'ஐயோ' என்று கத்தியதில் பக்கத்திலிருந்தவர் என் வாயைப் பொத்தினார்.

இனிமேல் சொல்வதுதான் உன் பையனுக்கு. மறுநாள் ஒரு சிறுத்தை ஐபெக்ஸ் ஒன்றை ஓடையில் அடித்துப்போட்டிருந்தது. விட்டுவிட்டால் நாலைந்து நாள் அங்கேயே இருந்து தின்னும். நாங்கள் எதிர் மேட்டிலேயே உட்கார்ந்திருந்தோம். அப்போது இன்னொரு கோஷ்டி வந்தது. அவர்கள் லென்ஸ் ஒவ்வொன்றும் என் கையளவு நீளம். 'இங்கிருந்து முகம் கிடைக்காது' என்று நாலு பேர் சரிவில் இறங்க ஆரம்பித்தார்கள். சிறுத்தை தலையைத் தூக்கிப் பார்த்தது, எழுந்தது, போயே போய்விட்டது. இருட்டும்வரை காத்திருந்தோம், திரும்பவில்லை.

எங்கள் வழிகாட்டி அவர்களைத் தடுக்கவில்லை. ஏனென்று ராத்திரி கேட்டேன். அவர்களைக் கூட்டிவந்தது அவன் சித்தப்பா மகனாம். விருந்தாளியிடம் 'இறங்காதே' என்று சொன்னால் அடுத்த வருடம் அவன் வீட்டுக்கு யாரும் வரமாட்டார்களாம். எனக்குத் தூக்கமே வரவில்லை. இவர்களுடைய தாத்தா காலத்தில் பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் ஒரே ராத்திரியில் பல ஆடுகள் போய்விடும், ஊரே கல்லும் கழியுமாகக் கிளம்பும். அப்புறம் 1990களின் கடைசியில், மைசூரு இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையோடு சேர்ந்து, கிப்பர்க்காரர்களே கொஞ்சம் மேய்ச்சல் நிலத்தைக் காட்டு ஆடுகளுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். கால்நடைக் காப்பீடும் வந்தது. இப்போது வேறு வேலையில்லாத பனிமாதங்களில் அந்தச் சிறுத்தையே சோறு போடுகிறது. நல்ல கதைதான். ஆனால் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு வருகிறவனுக்கு முகம் வேண்டும், கண் வேண்டும். 2024 ஜனவரியில் வெளியான கணக்குப்படி நாடு முழுக்க 718 பனிச்சிறுத்தைதான், அதில் இமாச்சலத்தில் 51. அந்தக் குளிரில் ஒரு வேட்டையை விட்டுவிட்டுப் போவது அதற்கு என்ன நஷ்டம் என்று யார் கணக்குப் போடுவது?

உன் பையன் கேட்க வேண்டியது, வழிகாட்டி கிப்பர்க்காரனா, 'கூடாது' என்று சொல்ல அவனுக்கு அதிகாரம் உண்டா என்பதுதான். 'கட்டாயம் காட்டுவோம்' என்று எழுதிக்கொடுக்கிறவனிடம் போகவே வேண்டாம். லென்ஸ் 600 மில்லிமீட்டர் இருக்கட்டும், அதற்குமேல் ஆசை கூடாது. பேட்டரியை உள்சட்டைப் பையில் வைக்கச் சொல், குளிரில் சீக்கிரம் செத்துவிடும். வீட்டுக்குள் வருமுன் கேமராவைப் பையில் போட்டு மூடிவிட வேண்டும், இல்லையென்றால் கண்ணாடி முழுக்க வேர்த்துவிடும். வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பல் நிறமாகக் காட்டிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்காக, கூட்டிக்கொள்ளட்டும்.

மற்றபடி அவனைத் தடுக்காதே, போகட்டும். அங்கே வீட்டில் தங்கிக் கொடுக்கிற பணம் அந்த ஊருக்குத் தேவை.

என் படம் ஒன்று இதோடு வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பதுதான் சிறுத்தை, வலப்பக்கம் இருப்பது பாறை. சரசு பாறையைப் பார்த்து 'அடேயப்பா' என்றாள், நான் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையனைப் போன் பண்ணச் சொல், அந்த வழிகாட்டியின் நம்பரைத் தருகிறேன்.

உன்,
ராஜி