கற்பகத்துக்கு, கொஞ்சம் அணி இலக்கணம்

அன்புள்ள கற்பகம்,

இங்கே எல்லாரும் நலம். உன் முட்டிவலியைப் பற்றிக் கேட்டால் ரெண்டு பக்கம் எழுதுவாய், அதனால் கேட்கவில்லை. இத்தனை நாள் பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள்.

விஷயம் இதுதான். சின்னவளுக்குத் தமிழ்த் தேர்வில் வஞ்சப்புகழ்ச்சி அணிக்கு எடுத்துக்காட்டு கேட்டிருக்கிறார்கள். "எங்கள் அப்பாவைப் போல் பொறுமைசாலி கிடையாது, ஆடி மாசத்திலிருந்து ஒழுகும் குழாயைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்" என்று எழுதிவைத்திருக்கிறாள். முட்டை! பாடத்தில் உள்ள 'தேவர் அனையர் கயவர்' குறளைத்தான் எழுத வேண்டுமாம். அந்தக் குறள் மட்டும் வேறென்ன செய்கிறது? கயவர்கள் தேவர்களைப் போன்றவர்கள் என்று தூக்கிவைத்து, அவர்களும் இஷ்டப்படிதானே நடக்கிறார்கள் என்று அடுத்த அடியில் கீழே போடுகிறது. வள்ளுவர் செய்தால் அணி, இவள் செய்தால் வாய்த்துடுக்கா?

தொல்காப்பியர் உவமைக்குத்தான் தனியாக ஒரு இயல் வைத்தார். 12-ஆம் நூற்றாண்டில் தண்டியலங்காரம் என்ற அணி நூல் வரும்போது, பொருளில் அமைகிற பொருளணியே 35 ஆகிவிட்டது. ஆகட்டும், பெயர் வைப்பதில் தப்பில்லை, ஆனால் பெயரை மட்டும் நெட்டுருப் போட்டால் என்ன பயன்? நம் நீலாக்கா, சம்பந்தி வீட்டாரை உட்காரவைத்துக்கொண்டு பூனையைத் திட்டுவாளே, அந்த ஜாடைப்பேச்சுதான் பிறிதுமொழிதல். மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்கிறதே 475-ஆம் குறள், அதில் அரசன், படை என்று ஒரு வார்த்தை உண்டா? வலியறிதல் அதிகாரத்தில் வைத்துவிட்டார், புரிகிறவனுக்குப் புரியும். நீலாக்கா பள்ளிக்கூடம் போயிருந்தால் அவளுக்கும் முட்டைதான் போட்டிருப்பார்கள்.

அப்புறம் தற்குறிப்பேற்றம், அதாவது இயல்பாக நடப்பதன்மேல் கவி தன் நினைப்பை ஏற்றிச் சொல்வது. அதை மட்டும் சிரித்துக்கொண்டே சொல்லித்தர முடியவில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள், மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன, அவ்வளவுதான். இளங்கோவுக்கோ அவை 'வராதீர்கள்' என்று கைகாட்டுவதாகத் தெரிகிறது. அவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், அங்கேதான் வயிற்றைப் பிசைகிறது. அம்மாவைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றைக்கு வாசல் வேப்பமரம் அப்படித்தான் ஆடிக்கொண்டிருந்தது. எப்போதும் அடிக்கிற காற்றுதான். இப்போது என்னால் அப்படி நினைக்க முடியவில்லை, கற்பகம். சின்னவளிடம் இதைச் சொல்லவில்லை, கொடியோடு நிறுத்திக்கொண்டேன்.

சரி, உன் பரணில் தண்டியலங்கார உரை ஒன்று கிடக்குமே, அட்டை கிழிந்தது, அதை அனுப்பிவை. மறுகூட்டலுக்கு எழுதிப்போடலாமா என்றும் சொல். இவர் வேண்டாம் என்கிறார், எடுத்துக்காட்டு ஊருக்கே தெரிந்துவிடுமாம்.

உன்,
வசந்தா