அப்பத்தா, மல்லிகை இருக்கட்டும், துண்டு வேண்டாம்

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

வணக்கம். பேத்தி அடுத்த மாதம் வேலைக்குத் திரும்புகிறாள், 14 மாதப் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டோம். பிள்ளையை உசிலம்பட்டிக்குத் தூக்கிவந்து மூன்று நாள் வைத்துக்கொள்வது, தாயின் மார்பைத் துண்டால் இறுக்கிக் கட்டுவது, காம்பில் வேப்பெண்ணெய் தடவுவது, மல்லிகைப்பூ வைப்பது என்று நான்கு யோசனை வைத்திருக்கிறீர்களாம். நாலில் ஒன்றுதான் தேறும்.

தேறுவது மல்லிகை. வேலூர் மருத்துவர்கள் குண்டுமல்லியை மார்பில் வைத்துப் பார்த்து, முடிவை 1988இல் வெளியிட்டார்கள். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் பூ வைத்தவர்களுக்கும் குறைந்தது. பால் நிறுத்தும் புரோமோகிரிப்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு இன்னும் குறைந்தது. ஆனால் பால் கட்டுவதிலும் வலி மாத்திரை தேவைப்பட்டதிலும் இரண்டு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்களெல்லாம் அப்போதுதான் பிரசவித்தவர்கள். ஒரு வருடத்துக்கு மேல் கொடுத்துப் பழகிய மார்பு அதே அளவு கேட்குமா என்பது வேறு கேள்வி. வைப்பதில் கேடில்லை. பக்கத்துக்கு ஒரு முழம் சரம், உள்ளாடைக்குள் சுற்றி வைத்து, வாடியதும் மாற்றுங்கள். பூவுக்கு எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்று தோட்டக்காரரான உங்களுக்கே தெரியும். அலசி வையுங்கள், அடுத்த முறை பிள்ளை வாய் வைக்கும் முன் மார்பைக் கழுவச் சொல்லுங்கள். அரிப்பு வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

மார்கழியில் பூ விலை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அப்போது முட்டைக்கோஸ் போதும். இலையைக் கழுவி, தடித்த நடுநரம்பைச் சீவி, குளிர்பெட்டியில் வைத்து, மார்புக் காம்பு மட்டும் வெளியே தெரியும்படி 20 நிமிடம் பொதிந்து வைக்கலாம். பெரிய மந்திரமெல்லாம் இல்லை, குளிர்ச்சிதான் வலியை இறக்குகிறது. ஈரத் துணியில் சுற்றிய ஐஸ் 10 நிமிடம் வைத்தாலும் அதே சுகம்தான்.

இனி துண்டு. இறுக்கிக் கட்டினால் பால் வற்றும் என்று நினைக்கிறோம், நடப்பது வேறு. அழுத்தத்தில் குழாய்கள் நெரிந்து, உள்ளே வீக்கம் கூடி, ஒரு மூலையில் கட்டி விழுந்து, அது மார்பு அழற்சியில் போய் நிற்கும். தாங்கிப் பிடிக்கும் அளவான உள்ளாடை போதும். கழற்றும்போது தோலில் தழும்பு தெரிந்தால் அது இறுக்கம். மூன்று நாள் பிள்ளையைப் பிரித்து வைப்பதும் இதே வகைதான். நேற்று வரை ஐந்து வேளை காலியான மார்பு, பிள்ளை குடிப்பது ஒரே நாளில் நின்றால் கல்லாகாமல் என்ன செய்யும்?

மார்பில் தேங்கும் பால்தான் "சுரந்தது போதும்" என்று உடம்புக்குச் சொல்கிறது. அந்தச் சேதி மெதுவாகப் போக வேண்டும். நான்கைந்து நாளுக்கு ஒரு வேளை வீதம் குறையுங்கள். பிள்ளை விளையாட்டில் மறக்கும் நடுப்பகல் வேளையை முதலில் எடுங்கள். தூங்க வைக்கும் வேளையும் விடியற்காலை வேளையும் கடைசி. ஐந்து வேளை என்றால் ஏறக்குறைய 20 முதல் 25 நாள். வேலை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டும். எடுத்த வேளைக்குப் பதில் இட்லியோ கஞ்சியோ டம்ளரில் பாலோ கொடுக்கலாம்.

இடையில் மார்பு கனத்தால் கையால் பீய்ச்சலாம். ஆனால் இறுக்கம் தளரும் வரை, ஒன்றிரண்டு நிமிடம் மட்டும். சுத்தமாகக் காலி செய்தால் உடம்பு மறுபடி அதே அளவு சுரக்கும், செய்த வேலை வீண். வெந்நீர் ஒத்தடம் பாலை இறக்கும், அதனால் பீய்ச்சும் முன் இரண்டு நிமிடத்தோடு சரி. குளிக்கும்போதும் வெந்நீரை முதுகில் ஊற்றிக்கொள்ளட்டும். கட்டியை எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கவே கூடாது. உள்ளே வீக்கம் கூடும். பூனையைத் தடவுவது போல அக்குள் பக்கமாக லேசாக வருடினால் போதும். தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதீர்கள், அதனால் பால் வற்றாது. வலிக்குப் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஆறு மணி நேர இடைவெளியில், நாளுக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம். பால் நிறுத்தும் மாத்திரை என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ளவளுக்கு அது ஆபத்து, மருத்துவர் எழுதித்தர வேண்டியது.

வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். கசப்புக்காக வைப்பது பிள்ளையின் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய் உள்ளே போன குழந்தைகளுக்கு வலிப்பும் நினைவு தப்புவதும் வந்திருக்கின்றன.

மார்பில் ஓர் இடம் சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சல் 101 டிகிரி தாண்டி குளிர் நடுக்கம் எடுத்தால் பூவும் இலையும் போதாது. அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். பால் கொடுப்பதைப் பட்டென்று நிறுத்தவும் வேண்டாம், தேங்கினால் சீழ் கட்டும் வாய்ப்பு கூடும். காய்ச்சலே இல்லாமல் ஒரு கட்டி இரண்டு வாரம் கரையாமல் நின்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். நிறுத்திய பிறகும் சில வாரம், ஏன் சில மாதம்கூட, அமுக்கினால் சொட்டுப் பால் வரலாம். அது பயப்பட வேண்டியதல்ல, அமுக்கிப் பார்ப்பதை விட்டாலே நிற்கும்.

ஒன்று மட்டும் பேத்தியிடம் தனியாகச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் வரை கரு தங்காது என்ற நம்பிக்கை, பிள்ளைக்கு 6 மாதம் தாண்டியதும் செல்லாது. அடுத்த பிள்ளைக்கு இடைவெளி வேண்டும் என்றால் மறக்கடிக்கும் முன்பே அதற்கும் ஏற்பாடு செய்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
பிரசவ வார்டு செவிலியர் சிலர்
மதுரை